வாய்க்குள் ஒரு திருகாணி

உங்கள் ஆபீஸில் நாற்பதைத் தாண்டிய யாராவது ஒருவர் திடீரென்று கையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தால், வெட்கம் என்று நினைத்துவிடாதீர்கள். ஈறு! கேன்டீனில் முறுக்கை காபியில் முக்கி, அது சமாதி நிலை அடைந்த பிறகு சாப்பிடுகிறாரா? ஈறுதான். குரூப் போட்டோவில் எல்லோரும் 'ஈ' என்று இளிக்கும்போது அவர் மட்டும் உதட்டை இறுக்கி, பட்ஜெட் தாக்கல் செய்கிற மந்திரி மாதிரி நிற்கிறாரா? சந்தேகமே வேண்டாம். இந்த மூன்று லட்சணங்களும் எனக்கு எப்படித் தெரியும் என்றால், இரண்டு வருஷம் மூன்றையும் நானே செய்துகொண்டிருந்தேன்.

சொத்தைப் பல்லுக்கு ஒரு நேர்மை உண்டு ஸார். ராத்திரி பன்னிரண்டு மணிக்கு எழுப்பி, 'நான் இங்கே இருக்கிறேன்' என்று கத்தும். கிராம்புத் தைலத்தைத் தேடி அஞ்சறைப் பெட்டி வரை ஓட வைக்கும். ஈறு நோய் அப்படியில்லை. வாடகை கரெக்டாகக் கொடுத்துக்கொண்டு, பரம சாதுவாக இருந்துகொண்டு, ராத்திரியில் அஸ்திவாரத்தைத் தோண்டுகிற குடித்தனக்காரர் மாதிரி. வலியே இருக்காது. பல்லும் ஈறும் சேரும் இடத்தில் அழுக்கு படிகிறது. அதில் பாக்டீரியாக்கள் காலனி போடுகின்றன. அது கெட்டிப்பட்டுக் காரையாகிறது. உடம்பு சும்மா இருக்குமா? சண்டைக்குப் போகிறது. இரண்டு பேர் சண்டையில் பக்கத்துக் கடைக் கண்ணாடி உடைகிற மாதிரி, இந்தச் சண்டையில் பல்லைத் தாங்கி நிற்கும் எலும்பு கரைகிறது.

ஈறு வீங்கி ரத்தம் வருகிற கட்டத்தோடு நிறுத்திவிட்டால் பழையபடி சரியாகிவிடும். எலும்பு கரைய ஆரம்பித்துவிட்டால் போனது போனதுதான். மேற்கொண்டு போகாமல் நிறுத்தலாம், அவ்வளவே.

ஆரம்பத்தில் வருகிற ஒரே நோட்டீஸ், பல் தேய்க்கும்போது வாஷ் பேஸினில் தெரிகிற ரத்தம். அதற்கு நம் வீடுகளில் என்னவெல்லாம் வியாக்கியானம்! 'உடம்புச் சூடு, இளநி குடி' என்பார் பெரியப்பா. 'பிரஷ் ரொம்ப கெட்டி' என்பார் பக்கத்து சீட் ஆசாமி. 'வைட்டமின் ஸி கம்மி' என்று நெல்லிக்காய் பாட்டிலை நீட்டுவாள் அத்தை. ஈறு என்ற வார்த்தையை மட்டும் ஒருத்தரும் சொல்ல மாட்டார்கள். உலக சுகாதார நிறுவனம் 2022-ல் வெளியிட்ட அறிக்கைப்படி, கடுமையான ஈறு நோய்க்காரர்கள் உலகத்தில் நூறு கோடிக்கும் மேல். இவ்வளவு பெரிய சங்கம், சந்தா கிடையாது, ஆனால் மெம்பர்களில் பாதிப் பேருக்குத் தாங்கள் மெம்பர் என்றே தெரியாது என்று எனக்குத் தோன்றுகிறது.

எங்கள் வீட்டில் இது பரம்பரைச் சொத்து. தாத்தா ஐம்பதிலேயே பொக்கை. அப்பா ஐம்பத்திரண்டில் பல்செட். ராத்திரி டம்ளர் தண்ணீரில் அது இளித்துக்கொண்டிருப்பதைப் பார்த்துப் பயந்தபடி வளர்ந்தவன் நான். அதனால் இரண்டு வேளை பல் தேய்ப்பதில் கறாராக இருந்தேன். முப்பத்தெட்டு வயதில் முதல் தடவை ரத்தம் பார்த்த அதே வாரம் ஒரு பல் டாக்டரிடம் போனேன். மேலாகச் சுரண்டிப் பளபளவென்று பாலிஷ் போட்டு, 'சூப்பர் பல் ஸார் உங்களுக்கு' என்று சர்ட்டிபிகேட் கொடுத்து, ஒரு பேஸ்ட் ட்யூபையும் கையில் திணித்து அனுப்பினார். மூன்று வருஷம் போனேன். மூன்று பாலிஷ், மூன்று சர்ட்டிபிகேட், மூன்று ட்யூப். ஈறுக்கு உள்ளே எட்டிப் பார்க்க அவருக்குத் தோன்றவில்லை. நடுவில் எனக்கு சுகர் வேறு வந்து சேர்ந்தது. சுகரும் ஈறு நோயும் சம்பந்தி மாதிரி. இது அதை ஏற்றிவிடும், அது இதை ஏற்றிவிடும்.

அப்புறம் ஒருநாள் மேல் வரிசை முன்பற்கள் இரண்டும் ஒன்றைவிட்டு ஒன்று விலக ஆரம்பித்தன. ஆபீஸில் எல்லோருக்கும் ஒரே சந்தோஷம். 'பல்லுக்கு நடுவுல சந்து வந்தா அதிர்ஷ்டம் ஸார்!' அந்த வருஷம் எனக்கு வரவேண்டிய அரியர்ஸ்கூட வரவில்லை.

*

முன்பல் ஆட ஆரம்பித்ததும் போனது ஒரு பளபளா கிளினிக். பெயர் வேண்டாம். ஏ.ஸி., மீன் தொட்டி, காபி மெஷின். முதலில் என்னைப் பார்த்தது டாக்டர் இல்லை. டை கட்டிய ஒரு இளைஞர். லேப்டாப்பைத் திருப்பி, 'ஸார், இருக்கிற இருபத்தாறையும் எடுத்துடலாம். ஸ்க்ரூ போட்டு மூணே நாள்ல ஃபிக்ஸட் பல். அப்புறம் லைஃப்ல டென்ஷனே கிடையாது' என்றார். ஸோபாவைப் பழசாகிவிட்டது, மாத்திவிடலாம் என்கிற அதே குரல். பேக்கேஜ் ஆறு லட்சம். மாதத் தவணை உண்டு. இன்றைக்கே கையெழுத்துப் போட்டால் தள்ளுபடி உண்டு.

ஆறு லட்சம் என்றதும் எனக்கு ஞாபகம் வந்தது பெண்ணின் காலேஜுக்காக பாங்கில் போட்டு வைத்திருந்த டெபாஸிட்! ஏறக்குறைய அதே தொகை. 'வீட்ல கேட்டுட்டு வர்றேன்' என்று எழுந்தேன். தமிழ்நாட்டில் கணவன்மார்களைக் காப்பாற்றிய வாக்கியங்களில் இதற்கே முதலிடம்.

வீட்டில் கேட்டேன். 'இருபத்தாறும் ஆடுதா?' என்றாள் மனைவி.

'ரெண்டுதான் ஆடுது.'

'அப்போ மத்த இருபத்திநாலு என்ன பாவம் பண்ணிச்சு?'

அவள் கேட்ட இந்தக் கேள்வியை அந்த டை பையனிடம் கேட்க எனக்குத் தோன்றியிருந்தால் ஒரு காபியாவது குடித்துவிட்டு வந்திருப்பேன்.

அடுத்து மேற்கு மாம்பலத்தில் ஓர் அம்மா. ஈறு ஸ்பெஷலிஸ்ட். இப்படி ஒரு தனி ஜாதி டாக்டர்கள் இருப்பதே பலருக்குத் தெரியாது. மீன் தொட்டி இல்லை. மின்விசிறி டக் டக்கென்று சத்தம் போட்டது. அவர் செய்த முதல் காரியம், மில்லிமீட்டர் கோடு போட்ட மெல்லிய கம்பி ஒன்றை ஒவ்வொரு பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே விட்டு ஆழம் பார்த்தது. ஒரு பல்லுக்கு ஆறு இடம். அவர் சொல்லச் சொல்ல அசிஸ்டென்ட் பெண் எழுதிக்கொண்டாள். 'மூணு, ரெண்டு, மூணு... நாலு, அஞ்சு, ஏழு...' தம்போலா மாதிரி போய்க்கொண்டிருந்தது. மூன்று வரை நல்லது. நாலைத் தாண்டினால் வில்லங்கம் என்றார். ஸ்கூல் நாட்களிலிருந்தே எனக்கு எங்கே குறைந்த மார்க் வேண்டுமோ அங்கேதான் அதிகமாக வரும்.

'எத்தனை டாக்டர் எடுக்கணும்?'

'ரெண்டு. மேல முன்பல் ஒண்ணு, கீழ கடவாய்ப் பல் ஒண்ணு.'

'மீதி?'

'மீதி உங்களோடது. எதுக்கு எடுக்கணும்?'

எனக்கு அவர் காலில் விழலாம் போல இருந்தது. நாற்காலி சாய்ந்திருந்ததால் முடியவில்லை.

பிறகு அவர் சொன்னதை, இம்ப்ளான்ட் விளம்பரம் பார்க்கிற ஒவ்வொருவரும் கேட்க வேண்டும். 'ஸ்க்ரூ பல்லுக்குச் சொத்தை வராது ஸார். ஆனா ஈறு நோய் வரும். உங்க பல்லுக்கு வந்த அதே வியாதி அதுக்கும் வரும். ஏற்கெனவே ஈறு நோய் இருந்தவங்களுக்கு வர்றதுக்கு வாய்ப்பு ஜாஸ்தி. முதல்ல சாக்கடையை அடைப்போம், அப்புறம் வீட்டுக்கு வெள்ளையடிப்போம்.'

விஷயம் என்னவென்றால், கடவுள் கொடுத்த பல் எலும்பில் நேராக ஒட்டிக்கொண்டிருப்பதில்லை. நடுவே மெல்லிய நார்க்கற்றை ஒன்று, கயிற்றுக் கட்டிலின் கயிறு மாதிரி, பல்லைத் தூக்கிப் பிடித்திருக்கிறது. கடித்தால் துளி அசைந்து கொடுக்கும். என்ன கடித்தோம் என்று மூளைக்குத் தகவல் சொல்லும். கிருமிகள் கீழே இறங்குவதற்கும் ஒரு தடுப்பு. ஸ்க்ரூவுக்கு அந்த நார் கிடையாது. எலும்போடு நேரடி சிமென்ட் வேலை. அதைச் சுற்றிலும் அழற்சி புகுந்துவிட்டால் எலும்பு இன்னும் வேகமாகக் கரையலாம். ஆக, ஈறு நோயால் பல்லை இழந்தவன், அந்த நோயை அப்படியே வைத்துக்கொண்டு ஸ்க்ரூ போடுவது, கரையான் அரித்த நிலைப்படியைக் கழற்றிவிட்டு, கரையானை விரட்டாமல் புது நிலைப்படி வைப்பது போல!

ஆறு மாசம் சாக்கடை வேலை நடந்தது. ஈறுக்கு அடியில், வேர் வரை போய்க் காரையைச் சுரண்டினார். 'க்ளீன் பண்ணினா பல் ஆடும் ஸார், சந்து விழும்' என்று நம் ஊரில் ஒரு பெரிய நம்பிக்கை இருக்கிறது. அதன் ரகசியம் எனக்கு அங்கேதான் புரிந்தது. எலும்பு ஏற்கெனவே போய்விட்ட பல்லைக் காரைதான் முட்டுக் கொடுத்து நிறுத்தியிருக்கிறது. காரையை எடுத்ததும் குட்டு வெளிப்படுகிறது. பழி மட்டும் க்ளீன் பண்ணியவர் தலையில்! இரண்டு இடத்தில் ஈறைத் திறந்து சுத்தம் செய்து தையலும் போட்டார். மூன்று மாச சராசரி சுகர் டெஸ்ட் 8.6-லிருந்து 6.9-க்கு இறங்கும்வரை ஸ்க்ரூ பேச்சையே எடுக்கவிடவில்லை. ஆபீஸில் யார் பிறந்த நாள் என்றாலும் கேக்கைத் திரும்பிப் பார்க்காமல் நடந்தேன். கௌதம புத்தருக்கு இவ்வளவு சோதனை இருந்திருக்காது.

*

இங்கே ஒரு முயலைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

1952. ஸ்வீடனில் பெர்-இங்வார் பிரானமார்க் என்ற டாக்டர். அவருக்கும் பல்லுக்கும் அப்போது சம்பந்தமே இல்லை. எலும்பு மஜ்ஜைக்குள் ரத்தம் எப்படி ஓடுகிறது என்று பார்க்க, முயலின் கால் எலும்பில் டைட்டானியத்தில் செய்த சின்னக் குழாய்க் கருவி ஒன்றைப் பொருத்தினார். ஆராய்ச்சி முடிந்து கழற்றப் போனால், வரமாட்டேன் என்கிறது. கருவியின் மேல் எலும்பு வளர்ந்து, இரண்டும் ஒன்றாகிவிட்டிருந்தன. விலை உயர்ந்த கருவி மாட்டிக்கொண்டதே என்று வேறு யாராவது எரிச்சல்பட்டிருப்பார்கள். இவர் 'அட!' என்றார். அவ்வளவுதான் வித்தியாசம். 1965-ல், பிறவியிலேயே தாடை சரியில்லாமல் பல்லில்லாமல் தவித்த யூஸ்டா லார்ஸன் என்பவருக்கு முதன்முதலில் டைட்டானியம் பொருத்தினார். லார்ஸன் 2006-ல் காலமானார். நாற்பது வருஷத்துக்குப் பிறகும் அவை கெட்டியாக இருந்தன. டாக்டர்கள் மட்டும் சுலபத்தில் நம்பவில்லை. 1982-ல் டொரான்டோவில் ஒரு மாநாடு கூட்டித்தான் அமெரிக்காக்காரர்களை ஒத்துக்கொள்ள வைக்க முடிந்தது. பிரானமார்க் 2014 வரை இருந்தார்.

அதற்கும் ஆயிரத்துச் சொச்சம் வருஷம் முன்னாலேயே மத்திய அமெரிக்காவின் மாயா இனத்தார் கைவரிசை காட்டியிருக்கிறார்கள். 1931-ல் ஹோண்டுராஸில் கிடைத்த ஒரு கீழ்த்தாடையில், முன்பற்கள் இருக்க வேண்டிய இடத்தில் சிப்பியைப் பல் மாதிரி சீவிச் செருகியிருந்தது. பிற்பாடு எக்ஸ்-ரே எடுத்துப் பார்த்தால் சிப்பியைச் சுற்றி எலும்பு வளர்ந்திருக்கிறது. மயக்க ஊசி இல்லாத காலம். அந்த ஆசாமியை நினைத்தால் எனக்கு நாற்காலியில் உட்கார்ந்து முனகவே வெட்கமாக இருந்தது.

இருந்தாலும் முனகினேன். அனாவசியமாகத்தான். மரத்துப் போக ஊசி போட்டபின் வலி இல்லை. சத்தமும் அதிர்வும் மட்டும். மண்டைக்குள் ஓர் ஆசாரி வேலை செய்வதுபோல! சாதாரணப் பல் டிரில் நிமிஷத்துக்கு லட்சக்கணக்கில் சுற்றும். இந்த டிரில் மெதுவாகச் சுற்ற, கூடவே உப்புத் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டே இருந்தார்கள். காரணம் கேட்டேன். எலும்பு 47 டிகிரிச் சூட்டில் ஒரு நிமிஷம் இருந்தால் போதும், செத்துப் போக ஆரம்பிக்கும். செத்த எலும்பு ஸ்க்ரூவைப் பிடிக்காது. நம்ம ஊர் மே மாச வெயிலே கிட்டத்தட்ட அங்கே வந்துவிடுகிறது என்று சொல்ல நினைத்தேன். வாயில் நாலு சாமான் இருந்தது.

முன்பல் இருந்த இடத்தில் எலும்பு மெலிந்திருந்ததால் எலும்புத் தூள் வைக்க வேண்டும் என்றார். அதில் பல தினுசு இருக்கிறது. உங்கள் தாடையிலிருந்தே கொஞ்சம் எடுத்தது, தானமாகக் கிடைத்த மனித எலும்பு, மாட்டெலும்பைப் பக்குவம் செய்தது, ஃபாக்டரியில் தயாரித்தது. 'உங்களுக்கு எதுல ஆட்சேபணை இல்லை?' என்று முன்கூட்டியே கேட்டது அந்த அம்மாவின் பெருந்தன்மை. ஃபாக்டரி என்றேன். என் அம்மா எண்பது வயதிலும் வெங்காயம் யார் வெட்டின கத்தி என்று விசாரிப்பவள், எதற்கு வம்பு!

ஸ்க்ரூ என்றால் தேக்கு மரக் கதவுக்குப் போடுகிற சைஸ் என்று கற்பனை செய்யாதீர்கள். சுமார் நாலு மில்லிமீட்டர் குறுக்களவு, பத்து மில்லிமீட்டர் நீளம். மூக்குத்தித் திருகாணிக்குப் பெரியப்பா முறை. அதை உள்ளே வைத்துவிட்டு எலும்பு வளர்ந்து பிடித்துக்கொள்ளக் காத்திருக்க வேண்டும். எனக்குக் கீழே மூன்று மாதம், மேலே ஐந்து.

அந்த ஐந்து மாதம் முன்பல் இடத்தில் ஓர் ஒற்றைப் பல்செட் மாட்டிக்கொண்டு ஆபீஸ் போனேன். அதற்கு 'ஸ' என்ற எழுத்து பிடிக்காது. நான் வேலை பார்ப்பது அக்கவுன்ட்ஸ் செக்ஷனில். ஆடிட்டர் முன்னால் 'ஸஸ்பென்ஸ் அக்கவுன்ட் ஸ்டேட்மென்ட்' என்று சொல்ல வேண்டிவந்தபோது, குக்கர் மூன்று விஸில் அடித்த மாதிரி இருந்தது. ஆடிட்டர் பண்புள்ளவர். பேனா மூடியைத் தேடுகிற சாக்கில் மேஜைக்கு அடியில் போய்ச் சிரித்தார்.

கடைசியில் மேலே பல் வடிவத்தில் மூடி போட்டு முடித்தார்கள். ஈறு மருத்துவத்துக்கு இருபத்திரண்டாயிரம், எலும்புத் தூளுக்குப் பன்னிரண்டாயிரம், இரண்டு ஸ்க்ரூவும் மூடியுமாக எழுபத்தாறாயிரம். மொத்தம் ஒரு லட்சத்துப் பத்தாயிரம். உங்கள் ஊரில் கூடலாம், குறையலாம். ஸ்க்ரூ எந்த தேசத்துச் சரக்கு என்பதைப் பொறுத்தும் மாறும். ஆபீஸ் மெடிக்ளெய்மில் ஒரு பைசா தேறவில்லை. விபத்தில் பல் போனால் பார்ப்பார்களாம். தானாகப் போனால் அது உங்கள் சமர்த்து. டெபாஸிட்டில் கை வைக்கவில்லை. பெண் இப்போது காலேஜில் இரண்டாவது வருஷம். என் இருபத்திநாலு பற்களும் அப்பாவின் வயசை நோக்கி என்னோடு வந்துகொண்டிருக்கின்றன.

முறுக்கு? சாப்பிட்டேன். காபி இல்லாமல். ஆனால் ஸ்க்ரூப் பல்லில் கடிக்கும்போது மற்ற பற்கள் மாதிரி உணர்ச்சி இல்லை. சத்தம் கேட்கிறது, சேதி வரவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் முறுக்கு சாப்பிடுகிற மாதிரி ஒரு பிரமை. டாக்டரிடம் சொன்னதற்கு, 'நார் இல்லைன்னு அன்னிக்கே சொன்னேனே' என்றார். உயிரோடு இருக்கிற சொந்தப் பல்லுக்கு ஈடு கிடையாது என்பதை ஒரு லட்சத்துப் பத்தாயிரம் ரூபாய் கொடுத்து வாயால் தெரிந்துகொண்டேன்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை போய் ஆழம் பார்த்து, சுத்தம் செய்துகொண்டு வர வேண்டும். இது ஆயுளுக்கும். ராத்திரி பல்லிடுக்கில் விடுவதற்கு பாட்டில் கழுவுகிற பிரஷ்ஷின் குழந்தை மாதிரி ஒன்று இருக்கிறது. இரண்டு சைஸில் வாங்கி, பத்து நிமிஷம் கண்ணாடி முன் நிற்கிறேன். 'கல்யாணத்தன்னிக்குக்கூட இவ்வளவு நேரம் கண்ணாடி பார்க்கலை' என்கிறாள் மனைவி.

*

இப்போது என் கவலை, சித்தப்பா பையன். முப்பது வயசு. சோழிங்கநல்லூர் பக்கம் கம்ப்யூட்டர் கம்பெனி. அவனும் அதே தாத்தாவின் பேரன். ஒரு நாளைக்குப் பத்து சிகரெட். போன தீபாவளிக்கு வந்தபோது ஈறைப் பற்றி எடுத்துச் சொன்னேன். 'அண்ணா, எனக்கு ரத்தமே வர்றதில்லையே! நீங்க எல்லாரையும் பேஷண்ட்டாவே பார்க்கறீங்க' என்று சிரித்தான். எல்லாப் பல்லும் தெரிய, சந்தில்லாத சிரிப்பு. எனக்கே கொஞ்சம் பொறாமையாக இருந்தது.

அதற்காகவே வம்படியாக அந்த அம்மாவிடம் கூட்டிக்கொண்டு போனேன். கம்பியை விட்டார். 'மூணு, நாலு, மூணு... அஞ்சு, ஆறு, ஆறு...' பையன் முகத்தில் சிரிப்பு ஒவ்வொரு நம்பருக்கும் ஓர் இஞ்ச் இறங்கியது.

'ரத்தம் வரலையே டாக்டர்?'

'சிகரெட் பிடிக்கறவங்களுக்கு ஈறுல ரத்த ஓட்டம் குறைஞ்சிடும்ப்பா. உள்ளே வியாதி இருந்தாலும் ரத்தம் வராது. காலிங்பெல் ஒயரை அறுத்துட்டு, வீட்டுக்கு யாருமே வர்றதில்லைன்னு சொன்னா எப்படி?'

'சரி... போனா போகட்டும், ஸ்க்ரூ போட்டுக்கலாமில்லே? அண்ணா போட்டிருக்காரே!'

அந்த அம்மா கையுறையைக் கழற்றிக்கொண்டே, 'உங்க அண்ணா சிகரெட் பிடிக்கிறதில்லை. பிடிக்கிறவங்களுக்கு அந்த ஸ்க்ரூவே அடிக்கடி கைவிட்டுடும். உனக்கு இப்போதைக்கு எல்லாப் பல்லும் இருக்கு. அதை வெச்சுக்கப் பாரு' என்றார்.

திரும்பி வரும்போது பைக்கில் ஒன்றும் பேசவில்லை. கோடம்பாக்கம் பாலத்தில் மட்டும், 'பெரியப்பாவோட டம்ளர் ஞாபகம் வருதுண்ணா' என்றான். பத்து இப்போது நாலாகியிருக்கிறது என்று நேற்று போனில் சொன்னான். நாலா, ஆறா என்பது அவனுக்கும் அவன் ஆபீஸ் வாசல் பெட்டிக் கடைக்காரருக்கும்தான் வெளிச்சம். வருகிற சனிக்கிழமை பதினொரு மணிக்கு வேர் வரை சுத்தம் செய்ய முதல் சிட்டிங். நானும் கூடப் போகிறேன். கிளினிக்குக்கு எதிரிலேயே ஒரு பெட்டிக் கடை இருக்கிறது.